கபிலக் கண்ணுக்கு ஊதா

லீட்ஸ் நகரத்துக் கடையொன்றில், அழகுச் சாமான்கள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளை கேட்ட முதல் கேள்விக்கே நான் தடுமாறிப் போனேன். "உங்கள் தங்கையின் கண் என்ன நிறம்?" என்றாள். கறுப்பு என்றேன். அவள் சிரித்தாள். மனிதருக்குக் கறுப்புக் கண் கிடையாதாம். என் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, "உங்களுடையது பிரவுன். அவருடையதும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். நாற்பதை நெருங்கும் வரை கறுப்புக் கண்ணோடு திரிந்தவளின் கண்ணை ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டாள். எங்கள் ஊரில் பெரிய கண், சின்னக் கண், மிஞ்சிப்போனால் பூனைக் கண் என்பார்களே தவிர, நிறம் கேட்பவர்களை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து யன்னலோரம் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்தில் மரத்தின் தண்டுக்குப் பூசுவோமே, அந்தக் கபிலக் கலர்.

கண்ணுக்குப் பூச்சு கேட்டவள் என் தங்கை சபீனா. என்னைவிட ஐந்து வயது இளையவள். கல்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் கல்யாணம் முடித்து, மச்சான் வெங்காயமும் மிளகாயும் பயிரிட, இவள் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருக்கிறாள். யுத்தம் முடிந்து ஓரிரு வருடங்களில் அவள் வெளியே போகும்போது முகத்தை மூடத் தொடங்கினாள். நான் தலையை மட்டும்தான் மூடுவேன். அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரே ஒருமுறை வாய்த்தர்க்கம் வந்தது. "எனக்கு இதுக்குள்ளதான் நிம்மதியா இரிக்கு ராத்தா, உங்களுக்கு என்ன?" என்றாள். அந்த சபீனாதான் ஒருநாள் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "ராத்தா, எனக்கு வெளியில தெரியிறது கண்ணு மட்டும்தானே. அதுக்கு நல்லதா ஒண்டு போட்டா என்ன? சுருமா போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு. அங்க நல்ல கலரெல்லாம் இரிக்குமே."

கடைப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? "அவள் முகத்தில் கண் மட்டும்தான் வெளியே தெரியும்" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் சட்டென்று மாறியது. "மாஸ்க் போட்டிருக்கிறாரா? ஆஸ்பத்திரியிலா?" என்றாள். தங்கை ஒட்சிசன் குழாயோடு படுக்கையில் கிடப்பதாக நினைத்துவிட்டாள். இல்லை, முகம் மூடுகிறவள் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வந்த நாட்டில் அது இரண்டு மடங்காகிவிட்டது. அவள் என் கையைத் தொட்டு வருத்தம் சொன்னாள். பிறகு எனக்காக ஒரு மணித்தியாலம் செலவழித்தாள்.

கபிலக் கண்ணுக்கு ஊதாதான் எடுப்பு என்றாள். பிரவுனுக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறதாம், ஊதா பக்கத்தில் வந்தால் அது வெளியே வருமாம். ஒவ்வொன்றாக என் புறங்கையில் தீட்டிக் காட்டினாள். கத்தரிப்பூ நிறம் அவளுடைய வெள்ளைக் கையில் பூவாகத்தான் இருந்தது. என் கையில் அடுப்புச் சாம்பலாகிவிட்டது. நாவற்பழ நிறம் நன்றாக இருந்தது. மங்குஸ்தான் தோலின் நிறம் இன்னும் நன்று. பொன் துகள் கலந்த ஒன்று, சபீனா வெயிலில் திரும்பினால் மின்னும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நான்கு ஊதாக்கள் உள்ள சின்னப் பெட்டியொன்றை எடுத்தேன். ஒவ்வொரு பொடியின் மேலும் வட்டமாக ஒரு வேலைப்பாடு அச்சிட்டிருந்தது. பார்க்க வடிவாக இருந்ததால் அதைத்தான் தேர்ந்தேன். நோயாளித் தங்கைக்கென்று ஒரு தூரிகையை அந்தப் பிள்ளை இலவசமாகப் போட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சபீனா படம் அனுப்பினாள்: கறுப்புத் துணிக்கு மேலே இரண்டு கண்கள், இமையில் நாவற்பழம், ஓரத்தில் பொன். அல்லாஹ்வே, அது என் தங்கையின் கண்ணா என்றிருந்தது. "புத்தளம் பஸார்ல ரெண்டு பேர் மறிச்சுக் கேட்டாங்க ராத்தா, எங்க வாங்கினண்டு" என்று பெருமையடித்தாள். அந்தப் படத்தைப் பல நாட்கள் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டுத் தேவாலயங்களில் குண்டு வெடித்த செய்தி எனக்கு இங்கே வந்து சேர்ந்தது. முதலில் இறந்தவர்களுக்காக அழுதேன். கல்பிட்டிக் கரையில் எங்களோடு வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைகளின் முகங்கள் வந்துவந்து போயின. அழுது முடிவதற்குள்ளேயே, செய்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப் போல இருப்பது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது முழுக்கப் பயம். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் பயந்தேன். ஊரில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. சில நாட்களில் முகம் மூடத் தடை வந்தது. சபீனா வீட்டை விட்டு இறங்குவதையே நிறுத்திக்கொண்டாள். வட்ஸ்அப்பை அரசாங்கம் முடக்கியிருந்தது. சாதாரண அழைப்பில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். தேங்காய் வெட்டும் கத்தியை ஒளித்தவர்கள், அரபு எழுத்துள்ள பேரீச்சம்பழப் பெட்டியை எரித்தவர்கள் என்று கதை கதையாக வந்தது. அந்தக் கதைகளில் ஒன்று: சட்டையில் இருந்த படத்தைப் பௌத்தர்களின் புனிதமான தர்மச் சக்கரம் என்று நினைத்து ஒரு பெண்ணைப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்களாம். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நான் அனுப்பிய ஊதாப் பொடியின் மேல் வட்டமாக அச்சிட்டிருந்தது என்ன? சக்கரமல்லவா?

எங்களைப்போல், முஸ்லிம்கள் என்பதற்காகத் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது கண்டுபிடிக்கும் முன் கையிலிருப்பதை நாங்களே தொலைத்துவிடுவோம். அப்போது எனக்கு ஒன்பது வயது, சபீனாவுக்கு நான்கு. கரையில், எங்களைத் துரத்திய ஆயுத இயக்கத்துப் பெடியன்கள் உம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தோடு வள்ளத்தில் ஏற்றினார்கள். நடுக்கடலில் நேவிப் படகு தூரத்தில் தெரிந்தது. பற்றரி வைத்திருந்தால் வெடிகுண்டுக்கென்று சந்தேகப்படுவார்கள் என்று யாரோ சொன்னதும், உம்மா வாப்பாவின் டோர்ச்சைத் துணிக்குள்ளிருந்து எடுத்துக் கடலில் போட்டார். நேவிக்காரர்கள் கிட்ட வந்து, பிள்ளைகளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள். கல்பிட்டியில் இறங்கி ஓலைக் கொட்டிலில் இருந்த மாதங்களில் அந்த டோர்ச்சை நினைத்து உம்மா எத்தனை தடவை தலையிலடித்துக் கொண்டாரோ தெரியாது. அந்தப் புத்தி எனக்கு அப்படியே வந்திருக்கிறது.

மத்தியான இடைவேளையில் பள்ளிக்கூட வாசலில் நின்று சபீனாவுக்கு எடுத்தேன். எட்டாவது தடவைதான் கிடைத்தது.

"தங்கச்சி, நான் அனுப்பின சாமான் இரிக்கா?"

"என்ன சாமான் ராத்தா?"

டெலிபோனை யாரும் ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. பெயரைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். "அந்தப் பொடி. பெட்டியில வந்திச்சே, அந்தப் பொடி. அதை இப்பவே அழிச்சிடு. ஒருத்தரும் காணக் கூடாது."

"பொடியா? என்னத்தைச் சொல்றீங்க? எனக்குப் பயமா இரிக்கு!"

"கண்ணுக்குப் போடுறது புள்ள! அதுல சக்கரம் இரிக்கு. வந்து பாத்தாங்கண்டா..."

இணைப்பு அறுந்துவிட்டது. நான் சொன்னதை எனக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பொடி. பெட்டியில் வந்தது. ஒருவரும் காணாமல் அழித்துவிடு. கேட்டவன் எவனாக இருந்தாலும் என்ன நினைப்பான்? வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். அன்றும் கிடைக்கவில்லை, அடுத்த நாளும் கிடைக்கவில்லை. தங்கையைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் வேலை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போனேன். அச்சிட்டிருந்தது என்ன என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். அதே பிள்ளை நின்றாள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "உங்கள் தங்கைக்கு இப்போது எப்படி?" என்றாள். "பரவாயில்லை" என்றேன், குரல் உடைந்துவிட்டது. அவள் மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் தோளில் முகம் வைத்து, இல்லாத நோய்க்காக அழுதேன். பயம் மட்டும் பொய்யில்லை. பிறகு பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். நான்கு பொடியிலும் பூ. இந்த நாட்டுப் புல்வெளிகளில் கால் வைக்கிற இடமெல்லாம் முளைக்குமே, டெய்சி, அந்தப் பூ. இதழ்கள் நெருக்கமாக, சுற்றி ஒரு வளையம். பயத்தில் என் மனசு அதைச் சக்கரமாக்கி வைத்திருக்கிறது.

மறுநாள் சபீனா தானே எடுத்தாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. நான் சொன்னதும் பதறிப்போய்ப் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டு ஓடியிருக்கிறாள். கரண்டியால் பொடியைக் கிளறி, பேசினில் கொட்டித் தண்ணீரில் கரைத்திருக்கிறாள். கை இரண்டும் ஊதா. குறிஞ்சிப்பிட்டி மண் வெறும் வெள்ளை மணல், ஊற்றிய இடமெல்லாம் ஊதா. மச்சான் தோட்டத்தில் இருந்த அந்த நேரம் பார்த்து ஆமிக்காரர்கள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். இவள் முக்காட்டை மூக்குக்கு மேலே இழுத்துப் பிடித்திருக்கிறாள், முக்காட்டிலும் ஊதா.

"என்ன இதுண்டு கேட்டாங்க. கண்ணுக்குப் போடுறதெண்டு சொன்னேன். அப்பிடியெண்டா ஏன் கொட்டினண்டு கேட்டாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல ராத்தா?"

"பிறகு?"

"போட்டுக் காட்டச் சொன்னாங்க."

பெட்டியின் மூலையில் ஒட்டிக்கிடந்த பொடியை விரலால் தொட்டு, கண்ணாடி இல்லாமல் இமையில் தடவிக் காட்டியிருக்கிறாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பொடி. முக்காட்டைப் பிடிக்கக் கை இல்லை. எத்தனையோ வருடமாக அந்நிய ஆண் ஒருவன் காணாத முகத்தை, கிணற்றடியில் நின்ற ஐந்தாறு பேருக்கு முன்னால் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணுக்கும் பூசியிருக்கிறாள். ஒருவன் சிரித்தானாம். பெரியவன் போலிருந்தவன் கிட்ட வந்து பார்த்து, சிங்களத்தில் "லஸ்ஸனய்" என்றானாம். அழகாக இருக்கிறதாம். அதோடு போய்விட்டார்கள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அலுமாரியையும் திறந்தாங்க ராத்தா. பவுடர் டின், சென்ட் போத்தல், ஒண்டையும் தொடக்கூட இல்ல. அந்தப் பெட்டியும் அதுக்குள்ள கெடந்திருந்தா கெடந்திருக்கும். நீங்க பதறாட்டி நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

அது பூதான், சக்கரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"இனி எனக்கு ஒண்டும் அனுப்பாதீங்க. வைக்கிறேன்" என்றாள்.

தூரத்திலிருந்து அன்பு காட்டும் எங்களுக்கு அனுப்புவதைத் தவிர வேறென்ன தெரியும்? இதை வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது விளங்கும். பார்சல் அனுப்புகிறோம், மருந்து அனுப்புகிறோம், அங்கே ஒரு செய்தி வந்தால் எங்கள் பயத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். அங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் பயமே போதும். வந்தவர்கள் கதவைத் தட்டும்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது சபீனாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் லீட்ஸில் உட்கார்ந்துகொண்டு மன்னார்க் கடலில் இருந்தேன்.

சபீனா இப்போது வெளியே போகிறாள், முகம் திறந்துதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறாள். மதுரங்குளியில் ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்தாளாம். கண்ணுக்கு ஒன்றும் போடுவதில்லை, சுருமாவும் இல்லை என்று மச்சான் சொன்னார். என்னோடு கோபமில்லை என்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் கதைக்கிறோம். முன்பெல்லாம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே முகத்தைக் காட்டுவாள். இப்போது, தையல் வேலை இருக்கிறது, கை ஒழியாது என்று போனை மேசையில் மல்லாக்க வைத்துவிடுகிறாள். எனக்குத் தெரிவது அவள் வீட்டுக் கூரை: மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, ஒரு மூலையில் ஒட்டடை, நடுவில் வெயில் விழுகிற கண்ணாடி ஓடு. திரையின் மூலையில் சிறிய கட்டத்துக்குள் என் முகம், பின்னால் லீட்ஸ் மழை பெய்யும் யன்னல். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நான் அந்த ஓடுகளிடம் சுகம் விசாரிக்கிறேன், அவை பதில் சொல்கின்றன. தெருவில் போகிற வருகிற எல்லாரும் பார்க்கிற அந்த முகத்தை, அதற்குப் பிறகு நான் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.