மூலை வீட்டுச் சுவரும் முத்தையாவின் கட்டையும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, ஒரு தேர்ச் சக்கரத்துக்கும் என் சிநேகிதன் தேவசகாயத்தின் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரே சாண். பிற்பாடு கை வைத்து அளந்து பார்த்தவன் நான்.

அந்தச் சக்கரத்துக்கு முன்னால் அவனைப் படுக்க வைத்தவனும் நான்தான். அதனால் இந்த வாரம் என்னைத் திட்டியே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. காகிதத்தில் இருந்தால் நம்புவேன். இல்லாவிட்டால் என் பெண்டாட்டி சொன்னாலும் நம்ப மாட்டேன். தேவசகாயம் ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்ச்.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர், போகிற போக்கில் தன் சினிமாக் காமிராவை அவனிடம் விற்றுவிட்டுப் போனார். கையடக்கமானது. கடிகாரத்துக்குக் கொடுக்கிற மாதிரி சாவி கொடுக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது... டாக்குமெண்டரி! சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் போடுகிறார்களே, அந்த மாதிரி நம் பக்கத்துச் சரித்திரத்தை நாமே எடுத்தால் என்ன? படம் அவன் பொறுப்பு. ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. ஊமைப்படம் ஓட ஓட, நான் மைக் பிடித்து வாசிப்பதாக ஏற்பாடு.

உலக யுத்தம் முடிந்தும் பிலிம் கிடைக்கிறதா? பம்பாய்க்கு எழுதி எழுதி ஒரே ஒரு ரோல் வந்து சேர்ந்தது. ஓடினால் நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் என்ன சரித்திரம் சொல்வது?

தேர்! ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அந்த ஊர்த் தேரின் கதையை எடுப்பது என்று முடிவு செய்தோம். காரணம், எங்கள் கோர்ட்டு ரிக்கார்டு அறையில் எனக்கு அகப்பட்ட ஒரு பழைய காகிதம். அதில் ஒரு வரி — 'கட்டை போடும் மாடசாமியின் அஜாக்கிரதையால் தேர் விலகி, மூலை வீட்டுச் சுவர் சேதம்.'

தேரை இழுக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அதைத் திருப்புகிறவரும் நிறுத்துகிறவரும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறவர்தான். மாடசாமி காலமாகிவிட்டார். இப்போது கட்டை போடுவது அவர் மகன் முத்தையா. நாற்பது வயது இருக்கும். தேருக்கு ஒரு வாரம் முன்னால் புதுக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்த அவரிடம் போய், என் ஸ்கிரிப்டைக் கம்பீரமாக வாசித்துக் காட்டினேன். மைக்குக்கு ஒத்திகை!

முத்தையா உளியைக் கீழே வைத்தார்.

"அந்த வரிய எடுத்துருங்க சார்."

"எந்த வரி?"

"எங்கய்யாவப் பத்தினது. அவிய அசட்டையா இருக்கல. குறுக்க ஒருத்தன் விழுந்துட்டான். அவனக் காப்பாத்தத்தான் கட்டையத் தூக்கி எறிஞ்சாவ. தேரு திரும்பிருச்சு."

"விழுந்தது யாரு?"

"தெரியாது சார். எந்திரிச்சு ஓடிட்டான். வந்து சொல்லவே இல்ல."

"சாட்சி உண்டா?"

அவர் கட்டையின் மேல் கிடந்த சிராயைத் தட்டிவிட்டார்.

"இது சரித்திரம் முத்தையா. காகிதத்துல இருக்கறதைத்தான் நான் எழுத முடியும்" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

"தேரு நிலைக்கு வந்ததும் கட்டை போடுதவனுக்குக் கோயில் பட்டுத்துணியத் தலையில கட்டுவாக சார். பரிவட்டம். எங்கய்யாவுக்கு அதுக்குப் பொறவு சாகுற வரைக்கும் கட்டல. எனக்கே மூணு வருசமாத்தான் கட்டுதாக. இத நீங்க கொட்டகையில மைக் வச்சு வாசிச்சா, என் மக்கமாரு முகத்த எங்க கொண்டு வைப்பாக?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நகல் குமாஸ்தா பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டான் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை. மூன்று நிமிஷப் பிலிம் ஓடிவிட்டது. மிச்சம் ஒரு நிமிஷம். அதை எங்கே செலவழிப்பது? பழைய விபத்து நடந்த அதே மூலையில்தான் என்று நான் அடம்பிடித்தேன். தேர் திரும்பும்போது சக்கரத்தைத் தரையோடு தரையாக எடுத்தால் பிரமாதமாக இருக்குமாம். வடம் பிடித்தவர்கள் எங்களைத் தாண்டியதும், வடத்துக்கும் சுவருக்கும் நடுவே தேவசகாயம் குப்புறப் படுத்தான்.

இங்கே ஒரு விஷயம். காமிராவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருப்பதாகத் தெரியும். காமிராவோடு வந்த புத்தகமே அப்படி எச்சரித்திருந்தது. ஆகவே எனக்கு ஒரே ஒரு வேலை — சக்கரம் பத்தடியில் வந்ததும் அவன் காலைப் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

சக்கரம் இருபதடியில் இருந்தது. அப்போது பார்த்தா எனக்கு ஒரு வாக்கியம் தோன்ற வேண்டும்! காலம், சக்கரம் என்று என்னமோ அழகாக ஆரம்பித்தது. மறந்துபோகுமே என்று பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டேன். சரித்திரம் எழுதுகிறேனாம்...

"ஏலே! ஏலே! எந்திரி!"

முத்தையாவின் குரல். நிமிர்ந்தேன். சக்கரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் பாய்ந்து வந்து கட்டையை எறிந்தார். அந்தச் சக்கரம் நின்றது. மறுபக்கச் சக்கரம் நிற்கவில்லை. தேர் முழுவதும் முறுக்கிக்கொண்டு திரும்பி, மேல்தட்டின் முனை மூலை வீட்டு மாடிச் சுவரில் இடித்தது. சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. புழுதியில் நான் தேவசகாயத்தை இழுத்துக்கொண்டு கூட்டத்தோரம் ஒதுங்கினேன். காமிராவை மட்டும் அவன் விடவில்லை.

வடம் பிடித்தவர்கள் முன்னால் பார்த்து இழுத்தவர்கள். எங்களை யாரும் பார்க்கவில்லை — முத்தையாவைத் தவிர.

கிராம முன்சீப் வந்தார். தர்மகர்த்தா வந்தார். நடுவீதியில் தேர் நின்றுவிட்டதே என்று பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

"குறுக்க ஆளு கெடந்தாக சாமி. அதான் எறிஞ்சேன்" என்றார் முத்தையா.

"ஆளா? எங்கலே அந்த ஆளு? உங்கப்பனும் அன்னைக்கு இதத்தான் சொன்னான்!" என்று அதட்டினார் தர்மகர்த்தா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முத்தையா என்னைப் பார்த்தார். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். நீட்டவில்லை. கோர்ட்டு குமாஸ்தா, 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்று அவருக்குத் தெரியாதா?

முன்சீப் காகிதத்தை விரித்து, சொல்லிக்கொண்டே எழுதினார். 'கட்டை போடும் முத்தையாவின் அஜாக்கிரதையால் தேர் விலகி, மூலை வீட்டுச் சுவர்...'

பெயர் மட்டும்தான் வேறு. மற்றபடி என் ஸ்கிரிப்டில் இருந்த அதே வரி.

தேவசகாயம் என் முழங்கையைப் பிடித்தான். "வாயத் தொறக்காதலே. காமிராவப் பிடுங்கிருவாக. உன் வேலைக்கும் உலை வச்சிருவாக."

பொய்யில்லை. சர்க்கார் குமாஸ்தாவின் பெயர் ரிப்போர்ட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட காகிதங்களுக்கு நகல் எடுத்தே வயிறு வளர்க்கிறவன் நான். பஸ் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து ஓடிவிடத்தான் மனசு சொன்னது.

எப்படியோ கால் முன்னால் போயிற்று. "குறுக்கே கிடந்தது நாங்கதான்" என்றேன்.

முன்சீப் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நீங்க கோர்ட்டு ஆளு சார். எதுக்கு இந்த வம்பு? பேசாம பஸ்ஸப் பிடிச்சுப் போங்க."

"எழுதிக்குங்க. பேர் சொல்றேன்."

எழுதிக்கொண்டார். அந்த 'முத்தையாவின்' என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தர்மகர்த்தா காமிராவைத் திறக்கச் சொன்னார். வெயிலில் தேவசகாயம் திறந்தான். வெளிச்சம் பட்டதும் மூன்று நிமிஷச் சரித்திரம் வெளுத்துப்போனது. அதற்கப்புறம் இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தது. முத்தையாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கட்டிய தலையோடு நேரே என்னிடம் வந்தார்.

"எங்கய்யா காலத்துல விழுந்தவனும் பயந்துதான் ஓடியிருப்பான், என்ன சார்?"

நியாயமாக அவர் என்னை அறைந்திருக்க வேண்டும். போயும் போயும் அந்த ஓடிப்போனவனுக்காக என்னிடம் சமாதானம் சொல்கிறார்! அந்த மனிதர் முன்னால் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

படம் இல்லை. ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கிறது. மாடசாமியைப் பற்றிய வரியைத் திருத்திவிட்டேன். 'மாடசாமி கட்டை எறிந்தார். தேர் விலகிச் சுவர் இடிந்தது. ஏன் எறிந்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை.' இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இதற்குக் குறைவாகச் சொல்ல இனி எனக்கு மனசு வராது.

முன்சீப் எழுதிய ரிப்போர்ட் எங்கள் ரிக்கார்டு அறைக்கும் ஒருநாள் வந்து சேரும். என்றைக்காவது ஒரு குமாஸ்தா தூசி தட்டி அதைப் பிரிப்பான். 'அஜாக்கிரதை' என்ற வார்த்தைக்கு முன்னால் என் பெயர் இருக்கும்.

தாராளமாக நம்பட்டும்.