பன்னிரண்டு வாக்கில் தோற்ற பெர்னடெற்

பெர்னடெற் மன்னாரிலிருந்து லண்டனின் பிளேஸ்டோவுக்கு வந்து பத்து வருடமாகியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பார். மாலையில் கட்சிக் கூட்டங்களுக்குப் போய்க் கதிரை அடுக்குவார். 1986 கவுன்சில் தேர்தலுக்கு அந்த வட்டாரத்தில் நிற்க ஆள் அகப்படாமல் அவரையே கேட்டார்கள்.

"வெல்லமாட்டியள், பேரை மட்டும் தாங்கோ எண்டு சொல்லுறாங்கள்," என்று கணவர் சவிரிமுத்துவிடம் சொன்னார்.

"பேரை மட்டும் குடுக்கிற ஆளே நீர்?"

அவர் சொன்னது சரிதான். ஆறு கிழமையாக, வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார் பெர்னடெற். நாற்பது வாக்கில் வென்றார்.

கவுன்சிலர் மக்களைச் சந்திக்கும் நேரத்தை அங்கே சேர்ஜரி என்பார்கள்; டொக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். முதல் சனிக்கிழமை, கோவில் மண்டபத்தில், சேர்ஜரி என்ற அறிவித்தலை நம்பிக் கணேசலிங்கம் என்ற முதியவர் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூண்டு மாசமாய் இருமல், டொக்டர்."

பெர்னடெற்றுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. "நான் டொக்டர் இல்லை, அண்ணை. கவுன்சிலர். இருமல் எங்கை இருக்கேக்கை கூட?"

முதியவர் யோசித்தார். "படுக்கிற அறையிலைதான்."

அன்று பின்னேரமே பெர்னடெற் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். கட்டில் தலைமாட்டுச் சுவர் ஈரம் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்காரனுக்கு ஏழு கடிதம் எழுதிய பிறகுதான் சுவர் திருந்தியது. இருமலும் நின்றது. கதை பரவ, மண்டப வாசலில் சனிக்கிழமைதோறும் வரிசை நீண்டது. தமிழர்கள் மட்டுமல்ல, எல்லாரும் வந்தார்கள்.

1989இல், பூட்டிக் கிடந்த ஒரு முதியோர் இல்லத்தில் அகதிக் குடும்பங்களைக் குடியேற்றும் யோசனை கவுன்சிலுக்கு வந்தது. தமிழர்களும் சோமாலியரும். அயலில் எதிர்ப்புக் கிளம்பியது. எங்கள் பிள்ளைகள் வருடக்கணக்காகக் கவுன்சில் வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்று டோரிஸ் என்ற ஆங்கிலப் பெண் கையெழுத்துச் சேகரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெர்னடெற்றுக்கு அது உறுத்தியது.

"வாக்கெடுப்பு அன்றைக்குச் சுகமில்லை என்று வீட்டில் நின்றுவிடுங்கள்" என்ற பொருளில் கட்சிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னார். பெர்னடெற் போனார். கை உயர்த்தினார். ஒரே வாக்கில் யோசனை நிறைவேறியது.

அடுத்த வருடத் தேர்தலில் பன்னிரண்டு வாக்கில் தோற்றார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் படிக்கட்டில் அமர்ந்தார். சவிரிமுத்து பக்கத்தில் வந்து இருந்தார்.

"பன்னிரண்டு பேர்தானே. அந்தக் கட்டடத்திலை முப்பத்தொரு குடும்பம் இருக்குது."

"ஓம். ஆனால் எனக்கு வெல்லவும் ஆசையாய்த்தான் இருந்தது," என்றார் பெர்னடெற்.

பாதியில் நின்ற கடிதங்கள் இருந்தன. அவற்றை முடிக்கவென்று அடுத்த சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்தார். பதவி இல்லாமலே நான்கு வருடம் திறந்தார். 1992இல் ஒரு மழைநாள், பெனிபிட் என்னும் அரச உதவிப்பணத்துக்கான, நிரப்பத் தெரியாத படிவத்தோடு டோரிஸ் வந்து நின்றார்.

"நான் உனக்கு எதிராகத்தான் வாக்குப் போட்டேன்," என்றார் டோரிஸ்.

"தெரியும். இருங்கள்," என்று கதிரையை இழுத்துப் போட்டார் பெர்னடெற். படிவம் முடிய ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

1994இல் பெர்னடெற் மறுபடி நின்றார். அறுநூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். டோரிஸ் வழியில் கண்டு கை குலுக்கினார். யாருக்குப் போட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றார்.

1998இல் இன்னொரு முறை வென்றதும் வீடமைப்புக் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். முதல் கூட்டத்தில் உயரமான மாடிக் கட்டடம் ஒன்றின் லிப்டுகள் பற்றி அதிகாரி நாற்பது பக்க அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் பெர்னடெற் கையைக் காட்டி நிறுத்தினார். இங்கே இருப்பவர்களில் யார் அந்த லிப்டில் ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அதிகாரி உட்பட ஒருவரும் ஏறியிருக்கவில்லை.

பெர்னடெற் எழுந்து கோட்டை எடுத்தார். ஒன்பது உறுப்பினர்களும் அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அவர் பின்னால், அந்தக் கட்டடத்துக்குப் போகும் பஸ்ஸின் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள்.