பதினொரு படிவங்கள்

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தபோது விம்கோ நகர் கிருஷ்ணப்பனின் மகள் ரமாபாய்க்கு இருபது வயது. பி.காம். கடைசி வருடம். படித்து முடித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா பச்சையம்மாவிடம் பேங்க் பரீட்சை என்றாள். அந்த வருடம் அப்படி ஓர் அறிவிப்பே வரவில்லை. கல்லூரியில் சி.ஏ. என்றாள். அதற்கு ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி எடுக்க வேண்டும். அங்கே தருவது பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாகப் போய்விடும். தன்னைத் தானே கேட்டுக்கொண்டால்தான் பதில் வராது. மின்சார ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு கடற்கரை ஸ்டேஷன்வரை நின்றே போவாள்.

மதியம் கல்லூரி விட்டதும் பாரிமுனைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பகுதிநேர வேலை. ராயபுரத்து டெரிக் நடத்திய சின்னப் பங்குத் தரகு ஆபீஸ் அது. டெரிக்கின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். டெரிக்குக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் வாங்கிய சாஃப்ட்வேர் பங்கு மாலைக்குள் ஏறிவிடும் காலம். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் மாறமாற ரமாவுக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

பிப்ரவரியில் கிருஷ்ணப்பன் ஃபிட்டராக இருந்த திருவொற்றியூர்த் தொழிற்சாலை, விருப்ப ஓய்வு என்று சொல்லி முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஆளுக்கு மூன்று லட்சம், நான்கு லட்சம். செய்தி கேட்டதும் டெரிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"ரமா, அந்த கம்பெனி கேட்டாண்ட ஒரு டேபிள் போடு. உன்னைய அங்க எல்லாருக்கும் தெரியும். பத்துப் பேரு சேந்தா மார்ச்லேர்ந்து உனக்கு நிரந்தர வேலை. ஆறாயிரம் சம்பளம்."

வீட்டில் யாருமே முதல் மாதம் ஆறாயிரம் வாங்கியதில்லை.

சனிக்கிழமை காலை தொழிற்சாலைக்கு எதிர் டீக்கடையில் மேஜை போட்டாள். மதியத்துக்குள் பதினோரு பேர், டெரிக் மூலம் பங்கு வாங்கச் சம்மதிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. அவள் விரல் காட்டிய இடத்தில் போட்டார்கள். கடைசியாக வந்தவர் பெயர் சின்னப்பையன், அப்பாவோடு ஒரே ஷெட்டில் முப்பது வருடம் இருந்தவர்.

"உங்க நைனா எவ்ளோ போட்டுக்கீறான்?"

"நைனா இன்னும் முடிவு பண்ணல மாமா" என்றாள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கிருஷ்ணப்பன் மெல்ல ஆரம்பித்தார். "ஊர்ல கீறவன்லாம் உங்கிட்ட கேட்டுகினு போறான். பெத்தவன் எனுக்கு நீ ஒண்ணியும் சொல்லலியே. எங்க போடட்டும் கண்ணு?"

"போஸ்ட் ஆபீஸ்ல போடு நைனா."

யோசிப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது. "அத்தான் நானும் நெனச்சேன்" என்று அவர் நிம்மதியாகக் கை கழுவப் போனார். ரமாவின் விரல்களில் சோறு காய்ந்தது. சொந்த அப்பாவின் பணத்துக்குத் தோன்றாத தைரியம், மற்றவர்கள் பணத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஞாயிற்றுக்கிழமை படிவங்களை எடுத்துக்கொண்டு எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் வீடு வீடாக ஏறினாள். "இப்போதைக்கு வேணாம், நல்லா விசாரிச்சுட்டுப் போடுங்க" என்பதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவர், "இன்னாம்மா வெளையாட்றியா?" என்று கத்தினார். தங்கபுஷ்பம் என்ற அம்மாள், புருஷன் வாய் திறப்பதற்குள் படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்துவிட்டாள். ஒன்பது பேர் எப்படியோ திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் சின்னப்பையன்.

"வாணான்னு சொல்ல நீ யாரு? முப்பது வருசம் இரும்போட மல்லாடின துட்டு. ஒரு தபா பெருசா ஆடிப் பாக்குறேனே."

"கொறஞ்சு போச்சுன்னா மாமா?"

"என் துட்டுதான போவும்? நீ கொண்டுபோய்க் குடு."

திங்கட்கிழமை டெரிக்கின் முன்னால் இரண்டு படிவங்களை வைத்தாள். நடந்ததைக் கேட்டு அவன் கோபப்படவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போனது.

"எங்கம்மா துட்டு மொத்தமும் இதுலதான் கீது, ரமா. நான் இன்னா ஏமாத்துறவனா?"

"இல்ல சார். நீங்க நம்பிப் போட்டீங்க. நான் நம்பாமலே அவங்கள போடச் சொன்னேன்."

"இங்க யாருக்கும் முழுசா தெரியாது. தெரிஞ்ச மாதிரி நிக்கணும், அவ்ளோதான். நாளைக்கு வா, பேசிக்கலாம்."

இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி அடிவரை போனாள். மேலே டெரிக் போனில் விலை கத்துவது கேட்டது. ஏறிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. பத்து நிமிடம் நின்றுவிட்டு, பாரிமுனை வெயிலில் திரும்பி நடந்தாள்.

ஏப்ரலில் விலைகள் சரிந்தன. டெரிக்கின் அம்மா பணம் பாதிக்குமேல் கரைந்தது. அவன் ஆபீஸை மூடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். படிவத்தைத் திருப்பி வாங்கிய ஒன்பது பேரில் ஒருவர் ஆட்டோ வாங்கி நன்றாக ஓட்டினார். இன்னொருவர் பணத்தை மச்சான் தொழிலில் போட்டு மொத்தமும் இழந்தார். ரமாவுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஜூனில் சின்னப்பையன், டெரிக் ஆபீஸிலிருந்து வந்த ஒரு கவரோடு வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இங்கிலீஷ்ல கீது. படிச்சுச் சொல்லு."

படித்தாள். போட்ட ஒரு லட்சம் முப்பத்தெட்டாயிரமாக நின்றது. அவர் காகிதத்தை வாங்கி மடித்துக் கவருக்குள் வைத்தார்.

"வித்துடட்டா, வெச்சுக்கட்டா?"

"தெரியல மாமா."

"பி.காம். முடிச்சிட்ட, உனுக்கே தெரியலியா?" கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ரமா அவருக்கு டீ போட உள்ளே போனாள். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மாதம் மண்ணடியில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஆறாயிரத்தை விட்டுவிட்டு இதற்கா என்று பச்சையம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் நாள் ஆடிட்டர், ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் ரசீதுக் கட்டை அவள் முன்னால் தள்ளிச் சரிபார்க்கச் சொன்னார். ஒவ்வொரு ரசீதுக்கும் ஏன், எதற்கு என்று அவள் கேட்க, மதியத்துக்குள் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

இது தனக்கான வேலைதானா என்று மாலை வெளியே வந்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவர் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றாள்.