நடவு வயலில் வைத்த பரீட்சை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் திருச்சி பாலக்கரை பூராவும் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் கொள்ளிடக்கரைச் சேரியில் வேதம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் நிலைத்திருக்கவே மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் மாதா சபைப் பெண்கள் அந்த உபதேசியார் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தோம். சீரங்கம் வரைக்கும் பஸ், அப்புறம் ஜட்கா வண்டி. அவரும் மனைவியும் சேரியிலேயே குடிசை போட்டுத் தங்கி, நடவுக்குப் போகும் பெண்களுக்கு ஜெப மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷங்கள் போயின, ஒருவருக்கும் ஞானஸ்நானம் ஆன பாடில்லை. எங்கள் பங்குப் பாதிரியார் சாமிக்குப் பொறுமை போய்விட்டது. "பரீட்சை வைக்கிறேன். தேறினா மாதா பொறந்த நாளுக்கு ஞானஸ்நானம். தேறலேன்னா உபதேசியாரை வேற ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு எங்கள் மாதா கோயிலுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். "பரமண்டல மந்திரம் சொல்லும்மா" என்றார் சாமி. முதல் பெண் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. அடுத்தவள் அழுதே விட்டாள். கடைசி வரைக்கும் ஒருத்திகூடத் தேறவில்லை. "மூட்டையைக் கட்டுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டுச் சாமி உள்ளே போய்விட்டார்.

வாசலில் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை வருஷமா என்னத்தைங்க சொல்லிக் குடுத்தீங்க? எங்க மானமே போச்சு!"

அவர் மனைவிதான் முன்னால் வந்தாள். "டீச்சரம்மா, அவங்களுக்கு உக்காந்து படிக்க ஏதுங்க நேரம்? நடவுப் பாட்டு மெட்டுலதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தோம். குனிஞ்சு நாத்து நட்டாத்தான் வாயில வரும். நின்னுகிட்டுச் சொல்லிப் பழக்கமே இல்லைங்க."

"அதை உள்ளேயே சொல்றதுக்கு என்ன?"

"சாமிகிட்ட எப்படிங்க எதுத்துப் பேசுறது?"

எனக்கென்ன பயம்! விறுவிறுவென்று சாமியின் அறைக்கே போனேன். "இந்தப் பரீட்சை செல்லாது சாமி. வயல்ல வந்து கேளுங்க."

"வயல்லயா? மந்திரம் என்ன கூத்துப் பாட்டா?" என்று சீறினார்.

"நீங்க வரேன்னு சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியது என் வீட்டுக்காரர்தான்.

மறுநாள் காலை சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். பக்கத்தில் உபதேசியார் வெளிறிப்போய் நின்றார். பெண்கள் சேற்றில் இறங்கிக் குனிந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் முதல் அடி எடுத்தாள். அவ்வளவுதான்! பரமண்டல மந்திரமும் ஆண்டவர் கட்டளைகளான பத்துக் கற்பனையும் மடை திறந்த மாதிரி வந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சாமி விடுவாரா? "நிறுத்து, நிறுத்து! மூணாவது கற்பனை என்ன?" என்று ஒருத்தியைக் கேட்டார்.

அவள் நிமிரவே இல்லை. "இருங்க சாமி, இந்த வரிசை முடியட்டும். நாத்து கோணிப்போயிடும்."

சாமி இருந்தார்! பாலக்கரையில் அவரை அப்படி நிற்க வைத்தவர் யாரும் கிடையாது. வரிசை முடிந்ததும், "ஞாயித்துக்கிழமையும் திருநாளும் அனுசரிக்கணும் சாமி" என்றாள் அவள், கையில் நாற்று முடிச்சோடு.

"போதும், எல்லாரும் தேறிட்டீங்க. உபதேசியார் இங்கயே இருக்கட்டும்" என்றார் சாமி. உபதேசியார் வரப்பிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். பெண்கள் போட்ட குலவை அக்கரைக்கே கேட்டிருக்கும்.

மாதா பிறந்த நாளும் வந்தது. கோயில் நிறைய ஜனம். ஞானஸ்நானத்துக்கு முன்னால் விசுவாச மந்திரம் சொல்ல வேண்டும். பெண்கள் எழுந்து நின்றார்கள், மறுபடியும் வாயடைத்துவிட்டது. உபதேசியார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து ஏதாவது கத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அதற்குள் பீடத்தருகே ஒரு குரல் கேட்டது. சாமிதான்! கரகரத்த தொண்டையில், சுருதியும் சேராமல், நடவு மெட்டில் முதல் அடியை அவரே எடுத்துக் கொடுத்தார். பெண்கள் நிமிர்ந்து நின்றே கடைசி அடி வரைக்கும் பாடினார்கள்.