நடுக்கம்பி

அந்த வெல்டருக்குத் தெருவில் 'ஒழுங்கு' என்று பட்டப்பெயர். எதிர்வீட்டுக்காரர் எப்போது வீடு திரும்புகிறார், மாடி அறைப் பெண்ணைப் பார்க்க யார் வருகிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சம்பளமில்லாத உத்தியோகம்தான், ஆனால் மனுஷர் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

தெருவை ஒட்டிய பூங்காவில் ஜோடிகள் ஒட்டி உட்காருவதை ஒழிக்கிறேன் என்று ஒருவர் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். ஒழுங்கு அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஜெயித்த கையோடு ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் இரும்புக்கம்பி வைக்கத் தீர்மானமானது. வேலை இவருக்கே வந்தது.

"பிடிக்காதவங்க வீட்டுலயே உக்காரட்டும்" என்று சொல்லிச் சொல்லிப் பற்றவைத்தார். மேடையேற்றிப் பாராட்டினார்கள். "இதுல யாருக்கும் சலுகை கூடாது" என்று பேசிக் கைதட்டலும் வாங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்தால் உடம்பு ஒருபக்கமாகச் சரியும், யாராவது ஒட்டி உட்கார்ந்து தோள் கொடுக்க வேண்டும். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பாதிப் பூங்காவிலேயே கால் ஓய்ந்துவிடும். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கம்பிக்கு அந்தப்பக்கம் இவர் உட்கார்ந்தார். அவள் சரிந்தாள். கம்பி விலாவில் குத்தியதும் முகம் சுருங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒழுங்கு கவுன்சிலரிடம் ஓடினார்.

"ஒரே ஒரு பெஞ்சுல மட்டும் எடுத்துடலாங்க. நாங்க புருஷன் பொண்டாட்டிதானே?"

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவாங்க. சலுகை கூடாதுன்னு நீங்கதானே பேசினீங்க?"

வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி கோபப்படவில்லை. "விடுங்க. நான் வீட்டுலயே உக்காந்துக்கறேன்" என்றாள், குழறிய வாயால். யார் வாயிலிருந்து வந்த வார்த்தை அது என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள், ஆளில்லாத உச்சிவெயிலில், ரம்பமும் கையுமாகப் பூங்காவுக்குப் போனார். அவர் பற்றவைத்த கம்பி லேசில் விடுமா? தன்னையே திட்டிக்கொண்டு, சட்டை தொப்பலாக நனையும்வரை அறுத்தார்.

சாயங்காலம் அவளை அந்த பெஞ்சுக்கு அழைத்துவந்தார்.

"இன்னும் கிட்ட வாங்க" என்றாள்.

ஒட்டி உட்காருவதற்கு முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று கவுன்சிலருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். இவர் பழக்கிவிட்ட தெருதானே.