மேற்கு முகத்துக் கொக்கு

உளி மெல்லிய சீவல் ஒன்றைச் சுருட்டி எடுத்தது. கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு, வெட்டிய பள்ளத்தைத் தடவிப் பார்த்தது. போதாது. மலையுச்சியில் நடும் பெயர்க் கம்பத்தில் எழுத்து அரை விரல் ஆழமாவது இறங்காவிட்டால் மூன்று குளிர்காலத்தில் காற்று தின்றுவிடும்.

சதோயோவுக்கு வயது அறுபத்திரண்டு. யாரிடமும் தொழில் பயின்றவளில்லை. உச்சியிலிருந்து உடைந்து இறங்கிய பழைய கம்பங்களை மடியில் போட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

எங்கள் ஊர் மலைக்குக் கிழக்கே. மே மாதம் சரிவில் உருகாமல் மிஞ்சும் பனி ஒரு கொக்கின் வடிவில் நிற்கும். கழுத்து தெரிந்ததும் நாற்றங்காலில் விதைப்போம். எங்களுக்கு அது கொக்கு மலை. மேற்கு ஊர்க்காரர்களுக்குப் பனி விலகிய கரும்பாறை மண்வெட்டியாகத் தெரியும். அவர்களுக்கு மண்வெட்டி மலை. உச்சிக்குக் கீழே விடுதி நடத்தும் எய்ஜிரோ இந்த முறை கம்பத்தில் இரண்டு பெயரும் வேண்டும் என்றுவிட்டார். கம்பத்தின் எந்த முகத்தில் எது என்பதுதான் சண்டை. குளிர்காலக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அந்த முகத்தில் பனி இறால் வால்போல் கொத்துக் கொத்தாக உறைந்து வளர்ந்து எழுத்தை மூடிவிடும். கிழக்கு முகம் துடைத்தாற்போல் இருக்கும்.

ஊர்த்தலைவர் குராத்தா பட்டறைக்கே வந்துவிட்டார்.

"நம்ம கொக்கு கிழக்குலதான?"

"மேற்குல."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? ஊர்க்கூட்டத்துல கேட்டா இனி ஒரு கம்பமும் ஒன்கிட்ட வராது, பாத்துக்க."

சதோயோ உளியைக் கீழே வைக்கவில்லை. "நம்ம பக்கமா ஏறுறவன் கண்ணுல கிழக்கு முகந்தான படும்? அவனுக்குக் கொக்கப் பொறந்ததுலருந்தே தெரியும். தெரியாத பேரப் படிக்கட்டுமே. அவங்க ஆளுங்களும் நம்ம பேரப் படிக்கட்டும்."

"ஆறு மாசம் பனிக்குள்ள முழுகிக் கெடக்கணுமா நம்ம பேரு?"

"கொக்கு எப்ப வரும், தலைவரே?"

"மே மாசம்."

"கம்பத்துல ஒட்டுன பனி?"

குராத்தா முணுமுணுத்தார்: "அதுவும் மே மாசத்துக்குள்ள விழுந்துரும்."

"அதுக்கு முன்னாடி கொக்க யாரு பாத்தா?"

"கூட்டத்துல இத நீயே வந்து சொல்லு. என் தலைய உருட்டாத."

அவளே போய்ச் சொன்னாள். அரை மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் ஒருவரும் வேலையை மாற்றச் சொல்லவில்லை.

குளிர்காலம் முடிந்து ஏறுவோருக்கு மலை திறக்கும் நாளுக்கு முந்தைய காலை எய்ஜிரோ முதுகில் சுமைச்சட்டத்தோடு வந்து குனிந்தார். குராத்தா கம்பத்தின் அடியைத் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, எது மேற்கு?"

சதோயோ வாயெடுக்குமுன் குராத்தா அதட்டினார்: "கொக்குதான்யா மேற்கு. மாத்தி நட்டுறாத!"

சதோயோ கம்பத்தைச் சட்டத்தோடு கட்டிய முடிச்சை இறுக்கி, கயிற்று நுனியை எய்ஜிரோவின் கையில் கொடுத்தாள்.