சவரி அன்று சாப்பிட்டிருந்தான்

சவரி செத்துப்போனான். தி.நகரில் ஒரு கட்டடத்தின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்கும்போது, ஆறாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து...

நேற்று, வெள்ளிக்கிழமை காலை. மேலே மொட்டை மாடியில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சவரியும் நானும் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவர்கள். நீங்கள் உள்ளே ஏசியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு ஸ்கிரீனை இழுத்து விட்டிருப்பீர்கள்.

என்னைவிட இரண்டு வயசு பெரியவன். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு. டீமில் அவனுக்குப் பேர் 'ஃபாதர்'.

ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் போதும், டீ டைமில் ஒரு ஓரமாகப் போய் ஃபோனில் பேச ஆரம்பித்துவிடுவான். சர்ச் வாட்ஸ்ஆப் குரூப்புக்கு தினமும் ஒரு வாய்ஸ் நோட். வேலையில் அன்றைக்குக் கண்ணில் பட்ட எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு சிந்தனை. "இன்னா ஃபாதர், இன்னிக்கு இன்னா மாட்டுச்சு?" என்று ஓட்டுவோம்.

ஒரு நாள் கண்ணாடியில் ஒரு கறை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. கடைசியில் பார்த்தால் அது உள்பக்கக் கறை. அன்றைய வாய்ஸ் நோட் அதுதான்... "நாம வெளிய தேய்ச்சிக்கினே கீறோம், அழுக்கு உள்ள கீது."

உள்பக்கம் துடைக்க வேற ஆள் கீறான் மச்சி, அது நம்ம வேலை இல்ல என்றேன். அதையும் சேர்த்து ரெக்கார்ட் பண்ணி அனுப்பிவிட்டான், பாவி. குரூப்பில் எல்லாரும் சிரித்தார்களாம்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவனுக்குத் தெரியும். அதைப்பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனால் சண்டை என்று வந்தால் எங்களுக்கு அவன்தான்.

இந்த வேலைக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று தொங்குவதற்கு. இன்னொன்று, அது அறுந்தால் பிடிப்பதற்கு. போன வருஷம் அடையாறில் இரண்டாவது கயிறு வரவில்லை. சவரி மொட்டை மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கான்ட்ராக்டர் கத்தினான். "கயிறு வந்தா நான் எறங்குறேன். வரலைன்னா நீ எறங்கு சார்" என்றான் சவரி. கயிறு ஆட்டோவில் வந்தது.

இந்த வருஷம் சவரி சாப்பாட்டு நோன்பு இருக்கவில்லை. சர்ச்சின் பங்குச் சாமியாரே வேண்டாம் என்றாராம். உயரத்தில் வேலை செய்கிறவன் வயிற்றைக் காயப்போடாதே, வேறு எதையாவது விட்டுக்கொடு என்று.

யோசித்து யோசித்து அவன் விட்டது சண்டையை.

"ஈஸ்டர் வரைக்கும் யார்கிட்டயும் எதிர்த்துப் பேசறதில்ல மச்சி. சோறு இல்லாம இருந்துடலாம்... இதான் கஷ்டம்."

கான்ட்ராக்டருக்கு ஒரே சந்தோஷம். வருஷம் பூரா தவக்காலமா இருந்தா நல்லா இருக்கும்ப்பா என்றான். நாங்களும் சிரித்தோம்.

நேற்று ஒரே கயிறுதான் இருந்தது. இன்னொன்றும், சுவர் முனையில் கயிறு உரசாமல் வைக்கிற பேடும் கோடம்பாக்கம் சைட்டுக்குப் போயிருந்தன. மதியம் வந்துவிடும், அதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடுங்கள் என்றான் கான்ட்ராக்டர்.

சவரி அவனைப் பார்த்தான். வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

கயிறு சுவர் முனையில் உரசி அறுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் கான்ட்ராக்டர் என் தோளில் கை போட்டான். இதுவரை என்னைத் தொட்டதே இல்லை அவன்.

"தம்பி, அவன் நோன்புல இருந்தான்ல? வெறும் வயிறு... மயக்கம் வந்திருக்கும். யாரு கேட்டாலும் அதையே சொல்லு. உனக்கும் வேலை வேணும்ல."

சாயங்காலத்துக்குள் அது ஊர்க்கதை ஆகிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களே சொல்கிறார்கள், தவக்கால வெள்ளிக்கிழமையில் நோன்போடு போயிருக்கிறான், கொடுத்து வைத்தவன் என்று. என்ன கொடுத்து வைத்தான்? யார் கொடுத்தது?

அவன் மனைவி ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான். "வீட்ல ஒண்ணும் சாப்பிடாம கெளம்பிட்டாரு... மயக்கம்தானாண்ணா? நான் எழுந்து ஆக்கிக் குடுக்காததாலதானா?"

இல்லம்மா, என்கூடத்தான் சாப்பிட்டான் என்றேன். தள்ளுவண்டியில் பொங்கல் வாங்கித் தின்றோம். என் தட்டிலிருந்து வடையையும் எடுத்துக்கொண்டான் என்றேன். கொஞ்ச நேரம் என் கையை விடவே இல்லை அந்தப் பெண்.

நாளைக் காலை என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். சாட்சி நான் ஒருத்தன்தான்.

பயமாக இருக்கிறது. சும்மா சொல்லவில்லை... உள்ளங்கை வேர்த்து ஃபோன் வழுக்குகிறது. கான்ட்ராக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நடுவில் தெரியாத ஒரு நம்பரும். அம்மா, உனக்கு எதுக்குடா வம்பு, செத்தவன் திரும்பியா வரப்போறான் என்கிறாள். நாளைக்கு அங்கே போய் உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து 'மயக்கம்' என்று வந்துவிடுமோ என்று எனக்கே பயம்.

அதனால்தான் இப்போதே இங்கே எழுதுகிறேன். இத்தனை பேர் படித்த பிறகு நான் மாற்றிச் சொல்ல முடியாது.

சவரி சாப்பிட்டிருந்தான். அவனுக்கு மயக்கம் வரவில்லை. அவனுக்குக் கொடுத்தது ஒரே கயிறு. அது அறுந்தது.

தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் நாளைக்குச் சாயங்காலம், மந்தைவெளிப் பக்கம் இருக்கிற கல்லறையில். நண்பர்கள் வாருங்கள்.

ஸ்டேஷனை முடித்துவிட்டு நேராக உன்னிடம் வந்துவிடுகிறேன் மச்சி. கொஞ்சம் லேட்டானாலும் வருவேன்.